கறுப்புப் படம், ஆனால் கலர்

டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் சனிக்கிழமைதோறும் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் கூடிப் படம் பார்ப்போம். யார் வீட்டில் கூடுகிறோமோ, அவர்தான் படத்தைத் தேர்ந்தெடுப்பார். போன தடவை நான் போட்ட டேனிஷ் படத்தில் ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்... தின்னக் கொடுத்த ரோல்ஸ் தீர்ந்ததும் எல்லோரும் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள்.

"இந்த முறையும் சனம் பாதியில எழும்பினா, இனி நான்தான் படம் தெரிவு செய்வன்" என்றாள் மனைவி.

நான் அசரவில்லை. என்னிடம் இருந்தது எழுபதுகளின் அமெரிக்கப் பேய்ப் படம். கறுப்பின நடிகர்களை வைத்துச் சொற்பச் செலவில் எடுத்த ரகம் — 'பிளாக்ஸ்புளொய்டேஷன்' என்று நாக்குச் சுளுக்கும் பெயர். இதை வாட்ஸ்அப் குழுவில் எப்படி எழுதுவது? 'பழைய கறுப்புப் படம்' என்று போட்டேன்.

விளைவு? சந்திரா அக்கா டிஷ்யூப் பெட்டியோடு வந்துவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். கறுப்பு வெள்ளைக் காலத்து அழுகைப் படம் என்றால் உயிர்.

திரையிலோ மஞ்சள் கோட்டும் புசுபுசு முடியுமாக ஓர் இரத்தக் காட்டேரி வந்தது.

"தம்பி, இது கலர்ப் படமெல்லோ?"

"ஓம் அக்கா. கறுப்பு ஆக்கள் நடிச்ச படம்."

"அதை அப்பிடியே எழுதியிருக்கலாமே."

யாரோ கிளம்புவதற்குச் சப்பாத்தைத் தேடினார்கள். நல்லவேளை, காட்டேரி திரும்பியது. முதுகில் வேஷ உடுப்பின் ஸிப் பளிச்சென்று தெரிந்தது. கதவைச் சாத்தியபோது சுவரும் சேர்ந்து ஆடியது. முதலில் சிரித்தவர் சந்திரா அக்காதான்.

பிறகு ஒரு கறுப்பு நேர்ஸ் தனியாக நிலவறைக்குள் இறங்கினாள். அக்காவின் சிரிப்பு நின்றது.

"பேய்ப் படத்தில எங்கட நிறத்தில ஆர் வந்தாலும் அவைதான் முதல் பலி. இவள் செத்தா நான் வீட்டை போறன்."

படம் தேர்ந்தெடுக்கும் என் உரிமை அந்த நேர்ஸின் கழுத்தில் தொங்கியது.

காட்டேரி பாய்ந்தது. அவள் சக்கரம் வைத்த சேலைன் ஸ்டாண்டைத் தூக்கினாள்.

"பிள்ளை, முதல்ல சில்லுக்கு பிரேக்கைப் போடு" என்று அக்கா சோபாவிலிருந்து எழும்பிவிட்டார்.

பிரேக் போடாமலேயே குத்தினாள். காட்டேரி சரிந்தது. வீடே கை தட்டியது.

இந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது? காசில்லை, கதையில்லை, பேய்க்கு ஒழுங்கான உடுப்புக்கூட இல்லை. ஆனால் நம் நிறத்து முகம் ஒன்று கடைசிக் காட்சியிலும் உயிரோடு நிற்கிறது. எனக்கு அது போதும். பெரிய பட்ஜெட்காரர்களுக்கு ஏனோ அந்தச் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

அக்கா டிஷ்யூவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுறீங்களோ அக்கா?"

"சும்மா இரு தம்பி. அடுத்த முறையும் கறுப்புப் படம்தான் போடோணும்... ஆனா கலர்ல."