தொண்டைமானாற்று நாற்சார் வீட்டில் ஒரு மத்தியானம்

காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினேன். கோப்பாய், அச்சுவேலி என்று ஊர் ஊராக நின்று குலுக்கி, முப்பது கிலோமீற்றருக்குக் கிட்டவான தூரத்தை ஒன்றரை மணித்தியாலத்தில் கடந்தது.

"பாலத்தடியிலை இறக்கிவிடுங்கோ தம்பி" என்றேன் நடத்துநரிடம்.

"சந்நிதி கோயிலுக்கோ அன்ரி?"

"இல்லை, வீடு பார்க்க."

"உங்கை என்ன வீடு? எல்லாம் பழசு" என்று சிரித்தார். பழசென்றால் அவ்வளவு இளக்காரமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஒன்பது மணிக்கே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. தொண்டைமானாறு, பேரில்தான் ஆறு. உண்மையில் கடல் ஊருக்குள் வந்து நீட்டிப் படுத்திருக்கும் உப்பு நீர். இந்தக் கரையிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் போயின. போன கப்பல் வெறுமனே திரும்புமா? தேக்கு ஏற்றி வந்தது. அந்தத் தேக்கு இன்றைக்கும் இங்கே தூணாகவும் கதவாகவும் நிற்கிறது. நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நான் பார்க்கப் போனது மகேஸ்வரியின் வீடு. பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் ஒரே அறை. இந்த வீடு அவளுக்குத் தாய்வழிச் சீதனமாக வந்தது. இனி அவள் மகள் தர்சினிக்குச் சீதனம். அன்று மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். "எனக்கு உவையளோடை கதைச்சு வெல்லேலாது. நீ பக்கத்திலை நில்லடி" என்று கூப்பிட்டிருந்தாள்.

வாசலில் ஓட்டுக்கூரை போட்ட சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கத் தெருவைப் பார்த்தபடி கட்டிய கூரை. தன் நிழலைத் தெருவுக்கும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வீடு தொடங்குகிறது. அடுத்து விறாந்தை, பிறகு குனிந்து நுழையவேண்டிய தேக்குக் கதவு, உள்ளே வானம் பார்த்த நடுமுற்றம். முற்றத்தின் நாலு பக்கமும் வீடு, அதனால்தான் நாற்சார். சுவர்கள் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். யன்னல் விளிம்பில் ஒருவர் காலை மடித்து இருக்கலாம், அவ்வளவு தடிப்பு. ஒரு தூணில் யுத்த காலத்து ஷெல் துண்டு பிய்த்த வடு. தூண் அசையவில்லை. வெளியே கொதித்த உடம்பு உள்ளே வந்ததும் குளிர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் தகப்பனும் தாயும் வந்தார்கள். தகப்பன் நெல்லியடியில் பேர்போன கட்டடக் கொந்தராத்துக்காரர். கதவில் தலையை இடித்துக்கொண்டே நுழைந்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் காலத்திலை உதுக்குள்ளை ஆர் இருக்கிறது? இடிச்சு நிலத்தை மட்டமாக்கித் தாங்கோ. மாடிவீடு என்ரை செலவிலை கட்டித் தாறன்."

மகேஸ் என்னைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணை, உங்கடை மாடிவீடு நூறு வரியம் நிக்குமோ?" என்றேன். மனிதர் முறைத்தார்.

தர்சினி முன்னுக்கு வந்தாள். அவளும் மாப்பிள்ளையும் நாலு வருடமாக விரும்பியவர்கள்; அவனை விட்டால் அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஆனாலும் சொன்னாள்: "மாமா, சீதனமெண்டால் என்ரை வீடு. இதை இடிச்சுத்தான் கலியாணமெண்டால் எனக்குக் கலியாணம் வேண்டாம்."

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

குசினியில் குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மணத்தன. மகேஸ் பயந்து பயந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "வீட்டு விசயம் முடியாமல் நாங்கள் கை நனைக்கேலாது" என்றுவிட்டார் அவர். சம்பந்தம் சரிவராத வீட்டில் சோற்றில் கை வைப்பதில்லை. எங்கள் பக்க வழக்கம் அது. கூப்பிடு தூரத்தில் சந்நிதி முருகன் வந்தவருக்கெல்லாம் அன்னம் போடுகிறான். இங்கே சமைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வேலை முடிந்து வான் வண்டியில் வந்து ஏற்றிப்போகும்வரை அவர்கள் இருந்தாக வேண்டும். பன்னிரண்டரைக்குக் கரண்டும் நின்றது. மனிதர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, முற்றத்து ஓரத்துத் தூணில் சாய்ந்தார். பிறகு சரிந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை, சும்மா குறட்டை இல்லை, ஓடு கழலும் குறட்டை!

தர்சினி தலையணை கொண்டுவந்தாள். மகேஸ் எழுப்பப் போக, அந்தத் தாய் கையைப் பிடித்துத் தடுத்தாள். "எழுப்பாதேங்கோ அக்கா. பிறசர் வந்ததிலையிருந்து ஏசி போட்டும் மனிசனுக்கு நித்திரை இல்லை. இப்பிடிப் படுத்து எத்தினை காலம்!" அவள் கண் கலங்கியிருந்தது.

மூன்று மணிக்கு எழும்பினார். கூரையைப் பார்த்தார்.

"விசிறி எங்கை பூட்டியிருக்கு?"

"விசிறி இல்லை மாமா. கரண்டும் இன்னும் வரேல்லை" என்றாள் தர்சினி.

அவர் சாய்ந்திருந்த தூணைத் தடவிப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளை, பசிக்குது" என்றார். "சோத்தைப் போடு."

மகேஸ் அழுதுகொண்டே குசினிக்கு ஓடினாள். தர்சினி இலை போட்டாள். அவர் மூன்று தரம் சோறு வாங்கினார்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வந்தான். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பாலத்தில் ஏறும்போது ஆறு மஞ்சளாக மினுங்கியது. கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கும் என் வீட்டை நினைத்தேன். யார் வந்தாலும் முதலில் விசிறியைத்தான் போடுவேன்; அங்கே யாரும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்ததில்லை, சாயத் தூணும் இல்லை.

முன் ஆசனத்திலிருந்து கொந்தராத்துக்காரர் திரும்பினார்.

"தங்கச்சி, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்திலை பழைய ஓடு எடுக்கலாமோ? மேற்குப் பக்கம் ரண்டு மூண்டு உடைஞ்சு கிடக்கு. மாரிக்கு முதல் மாத்திப்போட வேணும். எங்கடை வீடெல்லோ."