ஆள் உயர மேடு

அலுவலகத்தில் அவளுக்குப் பேர் ‘தரை அக்கா’. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை லட்சக்கணக்கில் கீழே வீசுவார்கள். பட்ட இடமெல்லாம் திரையில் ஒரு புள்ளி. இலைகளின் சந்துபொந்தில் நுழைந்து மண்ணைத் தொட்ட புள்ளிகள்தான் நில வரைபடத்துக்குத் தேவை. மரம், கூரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தரையை மட்டும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஆளோ மாடோ நடுவில் நின்றிருந்தால் குப்பை. ஈவிரக்கம் பார்க்காமல் அழிக்க வேண்டும். ஒரு காலத்தில் மாதக்கணக்கில் நடந்து அளந்ததை இப்போது ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, அவள் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் மென்பொருள் வேறு வந்திருந்தது. தன் வேலைக்கு வேட்டு வைக்கப்போவதற்குத் தானே பாடம் நடத்தும் கொடுமை. அதற்குக்கூட அவளுக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை.

கணவர் பஸ் டிரைவர். தங்கள் தெருவுக்கு மேலே விமானம் பறக்கப்போகிறது என்று போன வருடம் அவரிடம் சொன்னதே இவள்தான்.

“அன்னிக்கு நான் பின்பக்கம் போய் நிக்கிறேன். உன் கண்ணுல படுறேனான்னு பாரு.”

“பட்டா அழிச்சிடுவேன்.”

“அடிப்பாவி! கட்டின புருஷனையா?”

“யாரா இருந்தா என்ன, குப்பை குப்பைதான்.”

மனுஷன் சொன்னபடியே போய் நின்றார். அந்தப் பதிவு அவள் மேஜைக்கு வருவதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. அவள் அழவில்லை. சாவி கொடுத்த பொம்மை மாதிரி வேலைக்கு வந்து போனாள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஒரு நாள் அவள் தெரு திரையில் வந்தது. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, நடுவில் வெட்டவெளி. அங்கே ஆள் உயரத்துக்கு ஏழெட்டுப் புள்ளிகள். மென்பொருள் முந்திக்கொண்டு அவற்றைச் சிவப்பாக்கி, ‘குப்பை, அழிக்கலாமா?’ என்று கேட்டது. அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் புள்ளிகளைத் ‘தரை’ என்று மாற்றினாள். இத்தனை வருட வேலையில் தெரிந்தே செய்த முதல் தப்பு.

மறுநாள் சரிபார்க்கும் தம்பி அவளிடம் வந்தான்.

“அக்கா, இங்க திடீர்னு ஒரு மேடு நிக்குதே?”

“அது எங்க வீட்டுப் பின்பக்கம். மேடு இருக்கு.”

“ஆள் உயரத்துக்கா?”

“ஆமா. ஆள் உயரத்துக்குத்தான்.”

“சரிக்கா, உங்களுக்குத் தெரியாததா” என்று ஒப்புதல் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் வீடு திரும்பியவள் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பின்பக்கம் போனாள். தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் தரை சமமாகத்தான் கிடந்தது.