குதிரை வண்டிக்காரர் ஊற்றிய பெட்ரோல்

1999-ஆம் வருடம், மே மாதக் கடைசி. அமெரிக்காவில் மெமோரியல் டே என்று சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும். நானும் என் கணவரும் அப்போது நியூஜெர்சியில், எடிசனில் குடியிருந்தோம். ஜெர்மனியிலிருந்து என் அண்ணன் பத்து நாள் தங்க வந்திருந்தான்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவன் இருந்தது லக்சம்பர்க் எல்லையை ஒட்டிய ஒரு ஜெர்மன் ஊர். லக்சம்பர்க்கில் பெட்ரோல் மலிவு என்று எல்லை தாண்டிப் போய்ப் போட்டுக்கொண்டு வருவான். வெண்ணெய், சீஸ் எல்லாம் பிரான்சில். ஹாலந்தில் தக்காளி மலிவாம், ஆனால் போகவர பெட்ரோல் கட்டுப்படியாகாதே என்று ஏக்கத்தோடு சொல்வான். சுவிட்சர்லாந்தில் முடிவெட்டும் கடையின் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, வளர்ந்த தலைமுடியோடேயே ஊர் திரும்பியவன். மார்க், பிராங்க், கில்டர் எதுவானாலும் மனக்கணக்கிலேயே மாற்றிவிடுவான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு எடிசனில் மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள். ஒரே ரத்தம்தானே!

வந்த அன்றே போட்டி ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டு வாடகையைக் கேட்டுச் சிரித்தான். பல் பிடுங்க எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். அதற்கும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பெட்ரோல் பங்குக்கு அழைத்துப்போனேன். நியூஜெர்சியில் நாமே பெட்ரோல் போடக் கூடாது, பங்க் ஆள்தான் போட வேண்டும், அதுதான் சட்டம். ஆளும் வந்து போட்டு, விலையும் ஜெர்மனியில் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றதும் அண்ணன் மார்க்கில் மாற்றி இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்தப் பெட்ரோலை நானே தோண்டி எடுத்ததுபோல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லாங் வீக்கெண்டில் அண்ணனுக்கு வாஷிங்டனைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேராக நியூவர்க் ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. இரவு எட்டு மணிக்கு விமானம். அதைத் தவறவிடவே கூடாது. எட்டு மாதம் வேலையில்லாமல் திண்டாடியவனுக்கு ஜூன் ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை புது வேலை. அதில் சேர்ந்தால்தான் விசாவே நீட்டிப்பார்கள். டிக்கெட்டும், எங்கள் குல வழக்கப்படி, இருப்பதிலேயே மலிவானது. தேதி மாற்ற முடியாது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வழியில் மேரிலாண்ட் மாநிலத்தில் என் கணவர், “கேஸ் போட்டுடலாமே” என்றார். அமெரிக்காவில் பெட்ரோலைக் கேஸ் என்றுதான் சொல்வோம்.

“இங்க எதுக்கு? நியூஜெர்சி போய்ட்டா கேலனுக்கு ஆறேழு சென்ட் கம்மி” என்றேன்.

“விடுங்க மாப்ள, லக்சம்பர்க் போறப்போ நான் காலி டேங்க்கோடதான் உருட்டிட்டுப் போவேன்” என்று அண்ணன் எனக்குப் பின்பாட்டுப் பாடினான்.

பென்சில்வேனியாவில் நுழைந்ததும் அவர் மறுபடி கேட்டார். மறுபடி நாங்கள் இருவரும் ஒரே குரலில் “வேண்டாம்” என்றோம். போதாக்குறைக்கு, டர்ன்பைக் என்கிற பெரிய நெடுஞ்சாலையில் போனால் டோல் கட்ட வேண்டுமே என்று, வயல்களுக்கு நடுவே போகிற சின்ன ரோட்டில் காரைத் திருப்பினேன். ஆமிஷ் மக்கள் வாழும் பகுதி அது. கார், கரண்ட் எதுவும் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள். அண்ணனுக்கு அதை இலவசமாகக் காட்டியதாகவும் ஆயிற்று! எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்தேன். மூன்று மணி சுமாருக்கு, இரண்டு பக்கமும் பச்சை வயலாக இருந்த ஓரிடத்தில், கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றேபோனது.

என் கணவரின் செல்போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் அரை மணி நேரமாக ஒரு காரையும் காணோம். ஏர்போர்ட்டுக்கோ இன்னும் மூன்று மணி நேர ஓட்டம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?” என்று மெதுவாகக் கேட்டான். ஆறு சென்ட்டுக்கு ஆசைப்பட்டு அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் டக் டக் என்று குளம்புச் சத்தம் கேட்டது. கறுப்புக் குதிரை வண்டி. தாடி வைத்த பெரியவர் ஒருவர் ஓட்டிவந்தார், பக்கத்தில் அவர் மனைவி. நான் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தார். வண்டி போய்விட்டது.

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தோம். கால் மணி நேரத்தில் பெரியவர் மட்டும் வண்டியில் திரும்பி வந்தார். கையில் ஒரு சிவப்பு கேன். கார் இல்லாதவர் வீட்டில் பெட்ரோல் ஏது என்று நாங்கள் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார். அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் சின்னப் பெட்ரோல் இன்ஜினில் ஓடுமாம். திங்கட்கிழமைதோறும் துவைப்பார்களாம். மறுநாளுக்காக வைத்திருந்ததுதான் இது. சொல்லிக்கொண்டே கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்.

அண்ணன் இருபது டாலர் தாளை நீட்டினான். “இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவருக்கான நாள். நாங்கள் எதையும் விற்பதில்லை” என்று சிரித்தார் பெரியவர். அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. பழக்கதோஷம். இந்தப் பக்கம் ஒரு கேலன் என்ன விலை என்று கேட்டேவிட்டான். அவர் யோசித்துப் பார்த்தார். “தெரியவில்லையே. தீர்ந்தால் வாங்குவோம்” என்றார்.

அடுத்த ஊரில் வந்த முதல் பங்கிலேயே காரைத் திருப்பினேன். பென்சில்வேனியாவில் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு வருடமாகக் கார்க் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பழகிய நானும் என் கணவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு திருதிருவென விழித்தோம். அண்ணன்தான் இறங்கிவந்து டேங்க்கை நிரப்பினான். விலைப் பலகையை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பிறகு டர்ன்பைக்கில் டோல் கட்டிக்கொண்டு பறந்தோம். ஏர்போர்ட்டில் செக்-இன் கவுண்டரை மூடுகிற நேரத்துக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஓடப்போனவனை நிறுத்தி என் கணவர், “மச்சான், ஏர்போர்ட் காபி எவ்ளோன்னு கேக்கலியா?” என்றார். அத்தனை பதற்றத்திலும் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்தான். வேலையில் சேர்ந்துவிட்டானாம். போனை வைத்துவிட்டு, வாஷிங்டன் போய்வந்த அழுக்குத் துணியையெல்லாம் மெஷினில் போட்டேன். பொத்தானை அழுத்தப்போன கை அப்படியே நின்றது. நேற்றுத் திங்கட்கிழமை ஆயிற்றே, அந்த அம்மா என்ன செய்திருப்பார்?

ஐரோப்பாவில் எந்த நாட்டில் பெட்ரோல் என்ன விலை என்று அண்ணன் இன்றும் ஒப்பிப்பான், நானும் ஆசையாகத்தான் கேட்பேன். ஆனால் துணி துவைக்க மெஷினைத் திறக்கும்போதெல்லாம், விலையே கேட்காமல் எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் திங்கட்கிழமை ஒரு வீட்டுத் துணி மொத்தத்தையும் கையால் கசக்கியிருக்கக்கூடிய அந்த அம்மாவின் தலையசைப்புதான் என் நினைவுக்கு வருகிறது.