ஊசிக்கு நின்ற இருளப்பன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. அப்போது மலாயாவை ஆண்ட ஜப்பான்காரன் கணக்கில் அது 2603. எந்தக் கணக்கில் போட்டாலும், கெடாவில் சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயங்களில் அடுப்பில் வெந்தது மரவள்ளிக்கிழங்குதான். அந்த ஆண்டு சயாம் பக்கமிருந்து காலரா இறங்கி வந்தது. ரயிலில் போகிறவனிடம் டிக்கெட் கேட்டார்கள், படகில் போகிறவனிடம் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். காலராவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ராணுவ டாக்டர் ஒருவர் உத்தரவு போட்டார். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் இனி ஒருவரும் கெடாவின் தெற்கு எல்லையான மூடா ஆற்றைத் தாண்டக் கூடாது.

தோட்டத்து ஆம்பிளைகளுக்கு ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது. இந்தக் கரையில் ஒளித்து வாங்கும் அரிசியைக் கொஞ்சம் அந்தக் கரைக்குக் கொண்டுபோனால் துணியும் சவுக்காரமும் கிடைக்கும். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? முன்பு ஒரு தடவை சினிமா காட்டுகிறோம் என்று அதே களத்துக்குக் கூப்பிட்டார்கள். போனவர்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். படம் எப்படி இருந்தது என்று சொல்ல இன்னும் ஒருவரும் திரும்பவில்லை.

அதனால் ஊசிச் செய்தி வந்ததுமே ஆம்பிளைகள் பெலுக்கார் புதர்க்காட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். லயத்தில் மிஞ்சியவன் இருளப்பன்.

இருளப்பனுக்கு வலது கால் யானைக்கால். ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தவன் அந்தக் காலைக் குச்சியால் தொட்டுப் பார்த்தான். பிறகு குச்சியையும் எறிந்துவிட்டுப் போனான். எல்லோரும் இருளப்பனை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். அவனுக்கோ அது உள்ளுக்குள் குத்தியது. கல்யாணப் பந்தலுக்குக் கால் நடவும் அவனைக் கூப்பிடுவதில்லை, பிணம் தூக்கவும் கூப்பிடுவதில்லை. இப்போது சாவதற்குக்கூட லாயக்கில்லை என்று ஜப்பான்காரனே சொல்லிவிட்டான்.

இப்படிப்பட்டவனைத் தேடித்தான் பழைய கங்காணி ராமையா காட்டிலிருந்து பதுங்கிப் பதுங்கி வந்தார். ராமையாவையும் சேர்த்து ஐந்து பேருக்குச் சீட்டு வேண்டும். ஐந்து பேருக்கும் இருளப்பனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்டார். கங்காணியாக இருந்த காலத்தில் வாய் நிறைய 'டேய் நொண்டி' என்று கூப்பிட்டவர், அன்றைக்குத் 'தம்பி' என்றார். அந்த ஒரு சொல்லுக்கே இருளப்பன் சரி என்று சொல்லிவிட்டான்.

பெண்சாதி பிச்சையம்மாளுக்கு அடுப்பை விட வாய் சூடு.

"ஊரு சோத்தத் திங்கிறப்ப உங்க நெனப்பு யாருக்கும் வரல. ஊரு ஊசியக் குத்திக்க மட்டும் உங்க கைதான் கெடச்சுதா?"

இருளப்பன் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினான்.

ஆள் மாறாட்டம் நடக்குமா என்ற பயத்தை ஜப்பான்காரர்களே போக்கிவிட்டார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்க்குக் காலரா என்றால் அத்தனை பயம். கூலிகள் யாரும் உள்ளே வரக் கூடாது; பெரட்டுக் கொட்டகை ஜன்னலுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்ட வேண்டும். உள்ளே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பரஞ்சோதி ஊசி போட, சிப்பாய் கைகளை எண்ணுவான். முகத்தைப் பார்க்காமலே ஊரின் ஆரோக்கியத்தைக் காப்பாற்றும் முறை அது.

பரஞ்சோதிக்கு விஷயம் தெரியும். இருளப்பனின் கையைத் தெரியாதவரா அவர்? இரண்டாவது தடவை அதே கை உள்ளே வந்தபோது, பஞ்சால் துடைக்கிற சாக்கில் குனிந்து மெல்லத் தமிழில் சொன்னார்.

"மருந்து மிச்சமானா என் தலை மிச்சமாகாது. நீட்டுப்பா."

இடது கை, வலது கை, மறுபடி இடது கை. தன் பெயருக்கு ஒன்று, மற்றவர்கள் பெயருக்கு ஐந்து. ஆறு சீட்டும் ஜன்னல் வழியே வெளியே வந்தன. எண்ணிக்கை சரியாக வந்ததில் சிப்பாய்க்குப் பரம திருப்தி. இந்தத் தோட்டத்து ஆட்கள் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் பாராட்டிவிட்டுப் போனானாம்.

அன்று ராத்திரியே இருளப்பனுக்குக் காய்ச்சல் அடித்தது. கைகள் இரண்டும் வீங்கி, காலுக்குத் துணை சேர்ந்தன. மறுநாள் ராமையா, "நீயும் வா தம்பி, ஆத்தத் தாண்டி ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்" என்றார். ஒருவர் தன்னை வா என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. பிச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கிளம்பிவிட்டான்.

கோத்தா கோலா மூடா படகுத் துறையில் மூங்கில் கட்டி வழியை மறித்திருந்தார்கள். மேசை போட்டு ராணுவ டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. பயணிகள் முதலில் குனிந்து வணங்க வேண்டும், பிறகு சீட்டைக் காட்ட வேண்டும், பிறகு நாக்கை நீட்ட வேண்டும். கடைசியில் வாயில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய். துறைக்கே ஒரே குழாய்தான். ஒருவர் வாயிலிருந்து எடுத்து, உதவியாளன் தன் கால்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடுத்தவர் வாயில் வைத்தான். காலராவுக்கு இதைவிட வசதியான படகு ஆற்றில் ஓடவில்லை.

ராமையாவும் மற்ற நால்வரும் ஊசியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். உடம்பு ஆற்று மணல் மாதிரி ஜில்லென்று இருந்தது. டாக்டர் தலையசைத்தார், போனார்கள். ஆறு ஊசி வாங்கிய இருளப்பனின் முறை வந்தது. குழாயைப் பார்த்த டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஊசி போட்ட ஆளுக்கு எப்படிக் காய்ச்சல் வரும், உண்மையைச் சொல் என்று குமாஸ்தா அதட்டினான்.

ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த ஐந்து பேரும் அங்கேயே பிடிபட்டிருப்பார்கள். இருளப்பன் படகைப் பார்த்தான். ராமையா சம்பானில் ஏறி, அக்கரை அழகில் மூழ்கிப்போனவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வெயில்ல நடந்து வந்தது, தொரை" என்றான் இருளப்பன்.

நோயாளிக் கொட்டகை என்று அவனைத் தள்ளிய இடம் முன்பு கருவாடு உலர்த்திய கொட்டகை. மீன் போய்விட்டது, வாசனைக்குப் போக மனசில்லை. உள்ளே நிஜமாகவே காலரா கண்டவர்கள் கிடந்தார்கள். வைத்தியம் என்னவென்றால் வாசலில் ஒரு காவல்காரன். இருளப்பனின் காய்ச்சல் இரண்டாம் நாள் தானாக இறங்கிவிட்டது. ஆனால் டாக்டர் பார்த்த பிறகுதான் விட முடியும். டாக்டரோ அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார்.

சேதி கேட்டு நடந்தே வந்து சேர்ந்த பிச்சையம்மாள் வேலிக்கு வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். காய்ச்சிய தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் வேலி இடுக்கு வழியே உள்ளே போயின. திட்டும் கூடவே போயிற்று. இருளப்பன் வாங்கித் தன்னால் முடிந்த வாய்களில் ஊற்றினான். ஒரு மலாய் மீனவரும் ஒரு சீனக் கிழவியும் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை.

டாக்டர் திரும்பி வந்து பார்த்தார். காலராவின் நடுவே உட்கார்ந்து இருளப்பன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பூரித்துப்போனார். மறுநாள் அவனைத் துறையில் பயணிகள் முன்னால் நிறுத்தி, பேரரசின் மருந்து ஒரே ஊசியில் செய்த அற்புதம் இது என்று பேசினார். குமாஸ்தா தமிழில் முழங்கினான். ஒரே ஊசி என்று கேட்டதும் இருளப்பனின் இரண்டு கைகளும் வலித்தன. குனிந்து வணங்கி வைத்தான். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கையில் ஒரு பட்டியும் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அக்கரையிலிருந்து திரும்பிய படகில் ராமையாவைத் தூக்கி வந்தார்கள். கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருளப்பன் மடியில் தலையை வைத்துக் கஞ்சித்தண்ணீர் கொடுத்தான். ஒன்றும் தங்கவில்லை. விடியும் நேரத்தில் ராமையாவுக்கு நினைவு வந்தது.

"என் பேருக்கு ஊசி போட்டாச்சு தம்பி. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒடம்புதான் ஏமாந்து போச்சு" என்றார். படகுத் துறையில் திருப்பிக்கொண்ட முகத்தை அப்போது திருப்பவில்லை. வெயில் ஏறுமுன் போய்விட்டார்.

ஊசி போட்டவன் காலராவில் சாவதற்கு டாக்டரின் விதியில் இடம் இல்லை. அதனால் ராமையா பச்சை மரவள்ளி தின்று வயிற்று வலியால் செத்தார் என்று எழுதிக்கொண்டார்கள். லயத்திலும் அப்படியே சொல்ல வேண்டும் என்று இருளப்பனுக்கு உத்தரவு.

அவன் கைப்பட்டியைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, பிச்சையம்மாளோடு சிடாம் கிரிக்கு நடந்தான். சாவுச் சேதி கேட்டு, லயத்து வாசலில் ராமையாவின் மனைவி அழகம்மா நின்றிருந்தாள். சுற்றிலும் பெண்கள். பரஞ்சோதியும் வந்திருந்தார், அவர் பின்னால் கிராணி நின்றதால் வாயைத் திறக்கவில்லை.

"என்ன வந்து செத்தாரு?" என்று அழகம்மா கேட்டாள்.

இருளப்பன் கிராணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"காலரா, அண்ணி. ஊசி அவருக்குப் போடல. எனக்குத்தான் போட்டாங்க. தண்ணியக் காச்சாமக் குடிக்காதீங்க."

கிராணிக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை. அவருக்கும் ஆற்றைத் தாண்டுகிற மச்சான் ஒருவன் இருந்தான். அழகம்மா கீழே உட்கார்ந்து அழுதாள். பிச்சையம்மாள் ஒன்றும் திட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து விறகு தேடப் போனார்கள்.