பச்சைக் கட்டம்

எனக்குப் பச்சை பிடிக்கும். அதுதான் காரணம். இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் தருமபுரியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பெங்களூரில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதுதான் கலர் மானிட்டர் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள், இரண்டு நாள் அதன் முன்னாலேயே கிடந்தேன். காசநோயாளிகளின் விவரங்களை ஏற்றும் திரைக்கு நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அடிக்க வேண்டிய கட்டங்களுக்கு வெள்ளை. சளிப் பரிசோதனை முடிவுக்கான கட்டம் மட்டும் தனியாகக் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தேன். நோய் இருக்கிறதா இல்லையா என்று அதில் ஒரே ஓர் எழுத்து அடிக்க வேண்டும். சிவப்பாக்கியிருக்கலாம். பச்சையாக்கினேன். பார்த்த அதிகாரி சினிமா மாதிரி இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விவரங்களை அடித்தவர் ஒரு டைப்பிஸ்ட் அக்கா. கம்பைநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடத் தப்பாக அடித்தார் என்று பெயர் வாங்காதவர். அரசு அலுவலகத்தில் பச்சை மை அதிகாரிக்கு மட்டும்தான். குமாஸ்தா அதைத் தொடக்கூடாது. முன்பு அவர் இருந்த அலுவலகத்தில் அவசரத்துக்குப் பச்சைப் பேனாவில் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு மெமோ வந்த கதையை எனக்கே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். எங்களிடம் வரும் தாளிலும் பரிசோதனை முடிவை டாக்டர் பச்சை மையில்தான் எழுதியிருப்பார்.

முதல் நாள் கர்சர் அந்தக் கட்டத்தில் வந்து நின்றதும், “இது மட்டும் ஏம்மா பச்சையில இருக்குது?” என்று கேட்டார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாம் காரணமாத்தாங்க்கா வெச்சிருக்கேன். நீங்க அடிச்சிட்டே போங்க.”

காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அது டாக்டரின் கட்டம், அவரே பிறகு வந்து நிரப்பிக்கொள்வார். என்டரைத் தட்டித் தாண்டிப் போனார். ஒவ்வொரு தாளுக்கும் அப்படியே. கட்டம் காலியாக இருந்தால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதியிருந்ததும் நான்தான்.

ஊருக்குள் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கே போய் மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். நோய் இருக்கிறவர்கள் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் எங்கள் பட்டியல் மலைக் கிராமங்களுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஓர் ஊழியர் மாத்திரையோடு மேலே ஏறுவார். பழைய நோயாளிகளின் பெயர்கள் வழக்கம்போல் இருந்ததால் பட்டியல் நிறைந்தே தெரிந்தது. புதிதாக ஒருவர்கூட இல்லை என்று யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சித்தேரி மலைப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். சாமை விளைவிக்கிறவர். கூடவே பத்து வயசு மகள். அறைக்கு வெளியே நின்றபடியே இரண்டு பரிசோதனைச் சீட்டுகளை நீட்டினார். ஒன்று பழையது, அவர் மனைவியுடையது. நோய் இருக்கிறது என்று டாக்டர் பச்சை மையில் எழுதியிருந்தார்.

மாத்திரை கொண்டுவந்தவர், லிஸ்டில் பேர் இல்லை, கம்ப்யூட்டரே இல்லை என்கிறது, அப்படியென்றால் உனக்கு வியாதி இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். அந்தச் சந்தோஷத்தில் சாமிக்குச் சேவல் அறுத்தார்களாம். இருமல் நிற்கவில்லை. ரத்தம் வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். பாதி வழியிலேயே போய்விட்டாள் என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்னொரு சீட்டு மகளுடையது, அன்றைக்கு எழுதியது. அதிலும் பச்சை மை, அதே முடிவு.

“இந்தப் பொட்டியில இவ பேராச்சும் வருமுங்களா?” என்று கேட்டார்.

அவள் அம்மாவின் விவரத்தைத் திரையில் எடுத்தேன். பெயர், வயது, ஊர், எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் இருந்தன. பச்சைக் கட்டம் காலி. அக்காவைப் பார்த்தேன். “அது டாக்டரோடதில்லியா?” என்றார். கேட்கும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது.

அந்தச் சிறுமியின் விவரத்தை அக்காதான் அடித்தார். பச்சைக் கட்டம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். “இத மட்டும் நீயே போடும்மா.” போட்டேன். பிறகு தாள் கட்டுகளை எடுத்து வைத்து, விட்டுப்போன அத்தனை பேருக்கும் சாயங்காலம்வரை நிரப்பினோம். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஊழியர் மாத்திரையோடு கிளம்பினார்.

பச்சையை வெள்ளையாக்க, நிறத்துக்கான வரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டது ஏன் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. பதிலை அவரே டைப் அடித்து, நீல மையில் கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுக்குமுன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். பச்சை நிறம் அதிகாரிக்குரியது என்று கருதியதால் நிரப்பவில்லை, தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டுகிறேன் என்று மூன்று வரி. முதல் நாளே என்னிடம் கேட்டதை அவர் எழுதவில்லை.

எழுதவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. படித்துவிட்டு, சரியாக இருக்கிறது அக்கா என்று திருப்பிக் கொடுத்தேன்.