ஜூம் லென்ஸும் ஒருக்களித்த கதவும்

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கம் திரும்பினாலே, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவுகிற ஆள். இப்படிப்பட்டவன் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க ஒத்துக்கொண்டதே தப்பு.

பாலக்கரையில் வீடு, வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேமரா என்று இருந்த காலம் அது. அறுபதுகளின் கடைசி. ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை என்று எங்கள் கோயில் பங்கு ஜனங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நிம்மதி உண்டு. படம் சரியாக வராவிட்டால் பிள்ளைகளை மறுபடி வெள்ளைச் சட்டை போடச் சொல்லி நிறுத்தி எடுத்துவிடலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். செத்துப்போன தம்பியின் மகளுக்கு அவர்தான் கல்யாணம் செய்து வைக்கிறார். "நீங்கதான் எடுக்கணும் ஓய்" என்றார். முடியாது என்று சொல்லவும் பயம்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து சேர்ந்தார், கையில் ஒரு ஜூம் லென்ஸோடு. என்னிடம் ஏற்கெனவே மூன்று லென்ஸ் இருந்தன. கூட்டத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, தள்ளி நின்று முகத்தை மட்டும் எடுக்க ஒன்று. அந்த மூன்றையும் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

"மாப்ள, இந்த வளையத்தத் திருப்புங்க, கூட்டம். இந்தப் பக்கம் திருப்புங்க, மூஞ்சி. எதுக்கு மூணைச் சுமந்துகிட்டு அலையிறீங்க?"

"மூணுல ஒண்ணு கெட்டா ரெண்டு மிஞ்சும் மச்சான். இது கெட்டுப்போனா?"

"கெட்டுப்போகும்னு ஏன் நினைக்கிறீங்க?"

வேறு எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியாது. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கல்யாணம் முடிந்து பதில் சொல்கிறேன் என்றேன். என் மூன்றும்தான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் வெளிச்சம் பார்க்கச் சித்திரை வீதி வீட்டுக்குப் போனேன். கூடத்தில்தான் முகூர்த்தம். மணமேடைக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அறை. அதன் வாசலில் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். வெறும் நெற்றி.

"நாளைக்கு நான் இந்த ரூமை விட்டு வரமாட்டேன்" என்றார். "யாரும் வராதேன்னு சொல்லலை. அதுக்காகப் போய் நிக்க முடியுமா? தாலி ஏறறச்சே என் பொண்ணு முகம் எப்படி இருந்ததுன்னு நீங்கதான் எனக்குக் காட்டணும். மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை."

"காட்டுறேன் மாமி" என்று சொல்லிவிட்டேன். காவிரிப் பாலம் தாண்டி வீடு வந்து சேரும்வரை அதே நினைப்பு. இவர் பெற்ற மகளின் கல்யாணத்தை இவர் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் என் விரலில் இருக்கிறது.

மறுநாள் காலை வாசலிலேயே வந்தது வினை. பக்கத்து மேஜைக்காரர் இரண்டு கையையும் நீட்டி மறித்தார். "தோல் பை உள்ள வரப்படாது ஓய். மடி கெட்டுடும்."

கேமராவின் உறை தோல். கழுத்துவார் தோல். லென்ஸ்களைத் தனித்தனி அறையில் பத்திரமாக வைத்திருந்த பையும் தோல். வேறொரு மாமி புதுப் பாவாடை நாடா ஒன்றைக் கொண்டுவந்து கேமராவில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். லென்ஸ்களுக்கு ஒரு மஞ்சள் பை கிடைத்தது. போட்டுத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியும் கண்ணாடியும் மோதி 'டொக்' என்றது. என் பல்லே உடைந்த மாதிரி இருந்தது. இந்தக் கூட்டத்தில் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, சரியான லென்ஸைத் தேடி, கழற்றி, மாட்டி... எதற்கும் இருக்கட்டும் என்று தோல் பையின் அடியில் போட்டு வந்திருந்த மச்சானின் லென்ஸை எடுத்து மாட்டினேன். யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னால் அது பொய்.

ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. கோலத்தைத் தாண்டி நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்தே வளையத்தைத் திருப்பிப் பெண்ணின் முகத்தை மட்டும் நிறைத்துக்கொண்டேன். அப்பா ஸ்தானத்தில் இருந்த பெரியப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். என் பிளாஷில் ஒரு தடவைக்கு ஒரு பல்பு. எரிந்த பல்பு கையைச் சுடும். அதைக் கழற்றி இன்னொன்று மாட்டுவதற்குள் தாலி ஏறிவிடும். எனவே ஒரே படம். நாடா கழுத்தை அறுத்தது. அது அவிழ்ந்துவிடுமோ, பல்பு எரியாமல் போகுமோ, வளையம் சிக்கிக்கொள்ளுமோ என்று மாற்றி மாற்றிப் பயந்தேன். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்ததைப் பக்கத்தில் நின்ற வைதீகர் கேட்டிருப்பார்.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அட்சதையோடு எழுந்தார்கள். அந்த நேரம் பெண் முகத்தைத் திருப்பினாள். மாப்பிள்ளை பக்கம் இல்லை, என் பக்கமும் இல்லை, இடது பக்கம். எங்கே பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கை தானாக வளையத்தைத் திருப்ப, படம் விரிந்தது. விரலும் அமுங்கியது. பளிச்சென்று வெளிச்சம், கருகிய வாடை, அவ்வளவுதான். முகத்தை விட்டுவிட்டேனே!

அடுத்த ஞாயிறு, ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கழுவினேன். மருந்துத் தண்ணீரில் முதலில் பெண்ணின் முகம் வந்தது. தெளிவாக இருந்தது. சேசுவே என்று மூச்சு விட்டேன். பிறகு இடது ஓரத்தில் ஒருக்களித்த கதவும், அதன் இடுக்கில் வெறும் நெற்றியோடு அம்மாவும் வந்தார்கள். விட்ட மூச்சு திரும்பிவிட்டது. தாலி கட்டுகிற படத்தில், வரமாட்டேன் என்று சொன்னவர் இருக்கிறார். அந்த வீட்டில் இதை என்ன சொல்வார்கள்? அபசகுனம் என்பார்களா? பக்கத்து மேஜைக்காரர் நாளைக்கு என் முகத்தில் விழிப்பாரா? கதவை வெட்டி, பெண்ணின் முகம் மட்டும் வருகிற மாதிரி பெரிதாக்கி இன்னொன்று போட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன்.

அம்மா அதே அறையில் இருந்தார். முகம் மட்டும் இருந்ததைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நன்னா இருக்கா" என்றார். அப்புறம், "எதையோ பாக்கறாளே. என்னத்தைப் பாக்கறா?"

என் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துப் பஸ் ஏறிவிடலாம். முழுப் படத்தை எடுத்து நீட்டினேன்.

முதலில் தன்னைத்தான் பார்த்தார். கதவிடுக்கில் நிற்கிற அந்த உருவம் இரண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

"என் பார்வை தாலிமேல பட்டுடுமோன்னு பயம்" என்றார் மெதுவாக. "மேளச் சத்தம் கேட்டதும் மூடிண்டேன்."

பிறகு மகளைப் பார்த்தார். மகளின் கண் போகிற திசையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து, தன் மேல் நிறுத்தினார்.

"அவ என்னைத்தான் பாத்துண்டிருந்திருக்கா. நான் பாக்கலையே."