நெற்றியில் வெளிச்சம் வைத்தவர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் சம்சாரத்துக்கு வாதம் அடித்த மறுநாள், ஆஸ்பத்திரியில் அவள் மூளையில் ரத்தம் ஓடுவதை வெளிச்சம் விட்டுப் பார்த்தவர் அவர். ஒல்லியான சிங்கள ஆள். தமிழை மெதுவாகப் பேசினார். அந்த வெளிச்சம் விடும் பட்டியை யார் நெற்றியில் கட்டினாலும், முதலில் தன் நெற்றியில் ஒருதடவை வைத்துப் பார்ப்பார்.

"இவருக்கும் வாதமா?" என்று கோணிய வாயால் இவள் கேட்டாள்.

"சூடா இருக்கான்னு பாக்குறேன், அக்கே" என்று சிரித்தார்.

பட்டிக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. வலப்பக்கத்துக் கோடு ஏறி இறங்கி ஓடியது. இடப்பக்கத்துக் கோடு தாழ்ந்தே கிடந்தது. அங்கே ரத்தம் குறைவு என்றார்.

அதற்கு முதல் நாள் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதே வலது கை மரத்துப் போச்சு என்று சொன்னாள். "இப்பப் போனா அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவாங்க, மிச்ச மரத்தையும் வெட்டிரு" என்றேன். பகலில், பால் நிறுக்கும் இடத்தில் விழுந்துவிட்டாள்.

அதை அவரிடம் சொன்னேன். "காலையிலயே கொண்டாந்திருந்தா இந்தக் கோடும் ஓடியிருக்குமா, மாத்தயா?"

அவர் பட்டியைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தார்.

"இப்ப ஓடுறதைத்தான் இது காட்டும். நேத்து ஓடினதைக் காட்டாதுங்க."

ஆமாம் என்றிருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை என்றிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டும் சொல்லாமல் விட்டது இரக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.